“அப்பா எழும்பி நடப்பாரா?” பக்கவாதமும் இரத்த ரிப்போர்ட்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பில் ஓர் ஆய்வுகூடத்தில் இரத்தம் எடுப்பதும் சோதிப்பதும் என் தொழில். ரிப்போர்ட் கொடுக்கிற யன்னலடியில் வந்து நிற்பவர்களின் முகத்தை வைத்தே எந்த வார்ட்டிலிருந்து வருகிறார்கள் என்று ஓரளவு சொல்லிவிடுவேன். பக்கவாதம் வந்தவரின் பிள்ளைகள் கடதாசியை வாங்கியதும் வாசிக்கமாட்டார்கள். திருப்பி என்னிடமே நீட்டி, “தம்பி, வாப்பா எழும்பி நடப்பாரெண்டு இதில போட்டிருக்கா?” என்று கேட்பார்கள். காத்தான்குடியிலிருந்து வந்தாலும் கொக்கட்டிச்சோலையிலிருந்து வந்தாலும் கேள்வி ஒன்றுதான். வாப்பா என்ற இடத்தில் அப்பா வரும், அவ்வளவுதான். நாலு வருஷத்துக்கு முன் என் அம்மாவுக்கு வலப்பக்கம் இழுத்துப்போட்டபோது நானும் அதே கேள்வியோடுதான் அவவின் இரத்தத்தை மெஷினில் வைத்தேன். யன்னலில் நின்று ஒரு நிமிஷத்தில் சொல்லமுடியாததை ஆறுதலாக இங்கே எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகமுதல் ஒரு இரத்தப் பரிசோதனை செய்து பார்க்கலாமா?

வேண்டாம். வாய் ஒரு பக்கம் கோணினால், தூக்கிய கை தானாகக் கீழே இறங்கினால், பேச்சுக் குழறினால் உடனே 1990 ஐ அழையுங்கள். சுவசெரிய அம்புலன்சுக்குக் காசு இல்லை. மூளைக்குப் போகிற பெரிய இரத்தக்குழாய் ஒன்று அடைபட்டால் நிமிஷத்துக்குச் சராசரியாக 19 இலட்சம் நரம்புக் கலங்கள் சாகின்றன. இரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசியை அறிகுறி தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள் போடவேண்டும். அதற்கு முன் சீ.ரீ. ஸ்கானும் எடுத்திருக்கவேண்டும். படுவான்கரைப் பக்கத்திலிருந்து வாவியைக் கடந்து பெரிய ஆஸ்பத்திரி வாசலுக்கு வரவே அந்த நேரத்தில் ஒரு துண்டு போய்விடுகிறது. இதற்கிடையில் “முதல்ல சீனியும் கொலஸ்ட்ரோலும் பார்ப்பம்” என்று லாப்புக்கு வந்தவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

ஒன்றை மட்டும் குறித்துக்கொண்டு போங்கள்: ஆள் கடைசியாக நல்லாயிருந்த நேரம். காலையில் எழும்பும்போதே வாய் கோணியிருந்தால், கோணலைக் கண்ட நேரத்தைச் சொல்லக்கூடாது. இரவு நல்லபடி படுக்கப்போன நேரத்தைச் சொல்லவேண்டும்.

நீங்கள் சொல்வது எல்லாப் பக்கவாதத்துக்கும் பொருந்துமா?

இல்லை. இரத்தக்குழாய் அடைபட்டு வருவது ஒன்று, வெடித்து வருவது மற்றது. இங்கே நான் எழுதுவது அடைப்பினால் வருவதைப் பற்றி. இரண்டையும் பிரித்துக் காட்டுவது சீ.ரீ. ஸ்கான். வெளியில் இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அதனால்தான் “வீட்டில அஸ்பிரின் இருக்கு, ஒண்டைக் குடுப்பம்” என்ற யோசனையும் கூடாது.

மூளையில் நடப்பது கையில் எடுக்கிற இரத்தத்தில் எப்படித் தெரியும்?

வெள்ளம் வடிந்த பிறகு வாவியில் என்னென்ன மிதக்கிறது என்று பாருங்கள். வேலிக்கம்பு மிதந்தால் எங்கோ வேலி போயிருக்கிறது, கிடுகு மிதந்தால் கூரை போயிருக்கிறது. மூளைக் கலம் சாகும்போதும் அதற்குள் இருந்த புரதங்கள் வெளியே சிந்தி, மூளைக்கும் இரத்தத்துக்கும் நடுவில் உள்ள தடுப்பைத் தாண்டி இரத்தத்தில் கலக்கின்றன. நரம்பு நாரின் உள்கட்டுமானமான நியூரோஃபிலமென்ட், நரம்பைத் தாங்கி நிற்கிற நட்சத்திரக் கலங்களிலிருந்து வரும் எஸ்-100-பி, ஜீ.எஃப்.ஏ.பி. ஆகியவை இந்த வகை.

இன்னொரு வகை மூளையிலிருந்து வருவதே இல்லை. பெரிய அடி விழுந்துவிட்டது என்று உடம்பு முழுவதும் பதறுவதன் அடையாளம் அது. சீனி ஏறும், வெள்ளைக் கலங்கள் கூடும், அழற்சியைக் காட்டும் சீ.ஆர்.பீ. ஏறும், கொபெப்டின் என்ற பொருள் கூடும். இதயம் திணறினால் பீ.என்.பீ. ஏறும், எங்கோ இரத்தம் உறைந்து கரைந்துகொண்டிருந்தால் டீ-டைமர் ஏறும். முதல் வகை மூளைக்கு நடந்த சேதத்தைச் சொல்கிறது, இரண்டாவது வகை அந்தச் சேதத்தை உடம்பு எப்படித் தாங்குகிறது என்பதைச் சொல்கிறது. நம் ஆஸ்பத்திரிகளில் அன்றாடம் செய்வது பெரும்பாலும் இரண்டாவது வகை.

அப்படியென்றால் அப்பா நடப்பாரா என்று ரிப்போர்ட் சொல்லிவிடுமே?

சொல்லாது. இந்தப் பதிலை எழுதத்தான் இவ்வளவையும் தொடங்கினேன்.

2009 இல் ஸ்கொட்லாந்து ஆய்வாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். 82 ஆய்வுகள், 66 குறிகாட்டிகள் (இரத்தத்தில் அளந்த பொருள்கள்). பலவற்றில் “இது கூடியவர்களுக்குக் குணம் குறைவு” என்ற தொடர்பு இருந்தது. ஆனால் நல்ல முறையில் செய்த ஆய்வுகளிலும் குறைகள் இருந்தன, தொடர்பு காட்டிய ஆய்வுகளே கூடுதலாக அச்சில் வந்திருந்தன. அதே குழுவினர் 2012 இல் நோயாளிகளிடமே சோதித்தார்கள். அழற்சியைக் காட்டும் இன்டர்லூகின்-6, இதயத் திணறலைக் காட்டும் என்.ரீ. புரோ பீ.என்.பீ. என்ற இரண்டும் கூடியவர்களுக்கு நிலைமை மோசமாகத்தான் போனது. ஆனாலும் வயதையும் பக்கவாதத்தின் கடுமையையும் தெரிந்த ஒரு வைத்தியருக்கு அந்த இரண்டு எண்களும் புதிதாக எதையும் பெரிதாகச் சேர்த்துக் கொடுக்கவில்லை.

ஏன் அப்படி? சேதம் பெரிதென்றால் எண் கூடும். ஆனால் சேதம் பெரிது என்பது கட்டிலடியில் நின்று பார்த்தாலே தெரிந்துவிடுகிறது. வைத்தியர்கள் அதற்கு 0 முதல் 42 வரை ஒரு அளவுகோல் வைத்திருக்கிறார்கள். கண் அசைகிறதா, கை எத்தனை விநாடி நிற்கிறது, சொன்னது விளங்குகிறதா என்று பார்த்துப் புள்ளி போடுவார்கள். அந்தப் புள்ளியும் வயதும் சொல்லாத ஒன்றைச் சொன்னால்தான் இரத்தப் பரிசோதனைக்குத் தனி மதிப்பு. அந்தத் தேர்வில் தேறியவை குறைவு. கொபெப்டினோடு வயதையும் கடுமையையும் சேர்த்துக் கணக்கிடும் கொரிஸ்க் என்ற முறையை 2019 இல் மறுபடி சோதித்துப் பார்த்தார்கள், பரவாயில்லை என்ற அளவுக்கு வந்தது. அதிலும்கூட வயதையும் கடுமையையும் விட்டுவிட்டுக் கொபெப்டினைத் தனியே நிறுத்தவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஆய்வுகளில் “நல்ல குணம்” என்று எதைச் சொல்கிறார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளவேண்டும். 90 நாள் கழித்து, 0 முதல் 6 வரையான இன்னொரு அளவுகோலில் 0, 1, 2 வந்தால் நல்ல குணம். 2 என்றால் முன்பு செய்ததெல்லாம் செய்யமுடியாது, ஆனால் தன் காரியத்தைத் தானே பார்ப்பார். 6 என்றால் மரணம். நம்மவர் மனதில் உள்ள குணம் வேறு. தோணி வலிக்கவேண்டும், தொழுகையில் குனிந்து நிமிரவேண்டும், சோற்றை வலக்கையால் பிசைந்து சாப்பிடவேண்டும். இந்தக் கேள்விகளுக்கென்று எந்த மெஷினும் செய்யப்படவில்லை.

எண் சொல்லாவிட்டால் வேறு எது சொல்லும்?

கையைப் பொறுத்தவரை, விரல் சொல்லும். இது எனக்குத் தெரிந்ததும் ஒரு நோயாளியின் மகனாகத்தான், லாப் ஆளாக இல்லை.

அம்மா விழுந்த மூன்றாம் நாள் காலை இயன்மருத்துவப் பிள்ளை ஒருவர் கட்டிலடிக்கு வந்தார். அம்மாவின் வலக்கையைத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, “அம்மா, பொத்தின கையை விரியுங்க பார்ப்பம்” என்றார். கை பொத்தினபடியே கிடந்தது. திரும்பவும் சொன்னார். அம்மா நெற்றி சுருக்கி, இடக்கையால் கட்டில் விளிம்பை இறுக்கிப் பிடித்து முயன்றா. பெருவிரலும் ஆட்காட்டி விரலும் ஒள்ளம் நிமிர்ந்து, நடுங்கி, மறுகாப் பொத்திக்கொண்டன. பிறகு தோளைப் பக்கவாட்டில் விரிக்கச் சொன்னார், கோழி சிறகு விரிக்கிற மாதிரி. அதுவும் கொஞ்சம் வந்தது. எனக்கு அது ஒன்றுமில்லாத அசைவாகத் தெரிந்தது. அந்தப் பிள்ளையின் முகம் மலர்ந்துபோனது.

காரணத்தைப் பிறகு படித்தேன். நெதர்லாந்தில் 188 நோயாளிகளைப் பின்தொடர்ந்து 2010 இல் வெளியான ஆய்வு அது. முதல் 72 மணித்தியாலத்துக்குள் விரலை நிமிர்த்தவும் தோளை விரிக்கவும் கொஞ்சமாவது முடிந்தவர்களில் 98 வீதமானவர்களுக்கு ஆறு மாதத்தில் கையில் ஓரளவு வேலைத்திறன் திரும்பியது. இரண்டும் முடியாதவர்களில் 25 வீதமானவர்களுக்குத்தான் திரும்பியது. நியூசிலாந்துக்காரர் இதே இரண்டு அசைவுக்கும் புள்ளி கொடுத்துத் தொடங்கும் ஒரு முறையை 2017 இல் வெளியிட்டார்கள். அதில் எந்த இடத்திலும் இரத்தப் பரிசோதனை கிடையாது.

அந்த 25 வீதத்தையும் மறக்காதீர்கள். விரலே அசையாதவர்களிலும் நாலில் ஒருவருக்குக் கை கொஞ்சமாவது திரும்பியிருக்கிறது.

நியூரோஃபிலமென்ட் பரிசோதனை பற்றி யூடியூப்பில் பார்த்தோம். அதைச் செய்யலாமா?

இப்போதுள்ள குறிகாட்டிகளில் ஆய்வாளர்கள் கூடுதல் நம்பிக்கை வைத்திருப்பது இதில்தான், அதில் நியாயமும் உண்டு. முழுப்பெயர் நியூரோஃபிலமென்ட் லைட் செயின். நரம்பு நாருக்குள் வரிச்சுத் தடிபோல நிற்கிற புரதம். நார் பழுதானால் கூடுதலாகச் சிந்தும். இரத்தத்தில் அது இருப்பது பிக்கோகிராம் கணக்கில், ஒரு கிராமை இலட்சம் கோடி பங்காக்கினால் வருகிற ஒரு பங்கு. சாதாரண மெஷினுக்கு அது கண்ணில் படாது. மிக நுண்ணிய அளவையும் அளக்கிற விசேஷ மெஷின் வேண்டும்.

ஆனால் நம் தேவைக்கு அது பிந்தி வருகிற செய்தி. விழுந்த அன்று எடுத்தால் பெரும்பாலும் ஏறியே இருக்காது. நாள் போகப் போக ஏறி, இரண்டு மூன்று கிழமையில் உச்சத்துக்கு வந்து, பிறகு மாதக்கணக்கில் இறங்கும். குடும்பம் துடிக்கிற முதல் இரவில் அது பேசாது. பேசத் தொடங்கும்போது நோயாளி எழுந்து இருக்கிறாரா இல்லையா என்பதைக் கண்ணாலேயே பார்த்துவிடுவோம். வயது போனவர்களுக்கு இயல்பாகவே கூடியிருக்கும், சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் கூடியிருக்கும். எழுபது வயதில், சீனி வருத்தத்தால் சிறுநீரகம் தளர்ந்த ஒருவரின் எண்ணை எதோடு ஒப்பிடுவது? ஆய்வுக்கு அருமையான பொருள். நகையை அடகு வைத்துச் செய்கிற பரிசோதனை இல்லை.

எஸ்-100-பி, என்.எஸ்.ஈ. என்பவை?

எஸ்-100-பி இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்கு வரும், மூளையில் செத்த பகுதி எவ்வளவு பெரிது என்பதோடு ஓரளவு ஒத்துப்போகும். ஆனால் கொழுப்பிலும் தோலிலும்கூட அது உண்டு. விழும்போது கீழே அடிபட்டவருக்கும் ஏறும்.

என்.எஸ்.ஈ. பற்றி என் தொழிலிலிருந்து ஒன்றைச் சொல்லவேண்டும். அது நரம்புக் கலத்துக்குள் இருக்கிற ஒரு நொதியம், ஆனால் சிவப்புக் கலத்துக்குள்ளும் இருக்கிறது. மெல்லிய இரத்த நாளத்தில் ஊசியைக் குத்தி வலிந்து இழுத்தால், குழாயை ஆட்டிக் குலுக்கினால் கலங்கள் உடைந்துவிடும். சுழற்றி எடுத்ததும் மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்து நிற்கவேண்டிய நீர், ரோஸ் சர்பத்துக் கரைத்தது போல நிற்கும். அந்த இரத்தத்தில் என்.எஸ்.ஈ. பொய்யாக ஏறிக் காட்டும். மூளைக்கு ஒன்றும் ஆகாமலே “மூளை சேதம்” என்று ஒரு எண் வரும். “திரும்ப ஒருக்கா இரத்தம் எடுக்கவேணும்” என்று நாங்கள் சொல்லும்போது சிலர் கோபப்படுகிறார்கள். தயவுசெய்து கோபப்படாதீர்கள், அந்த ரோஸ் நிறத்தைப் பார்த்துத்தான் கேட்கிறோம்.

சாதாரண எஃப்.பீ.சீ. ரிப்போர்ட்டில் ஏதாவது தெரியுமா?

தெரியும். நாவற்பழ நிற மூடிக் குழாயில் எடுக்கிற முழு இரத்தக் கணிப்பில் நியூட்ரோஃபில், லிம்போசைட் என்று இரண்டு வகை வெள்ளைக் கலங்களின் வரிகள் இருக்கும். முதலாவதை இரண்டாவதால் வகுத்துப் பாருங்கள். நலமாக உள்ள பலருக்கு ஒன்றுக்கும் மூன்றுக்கும் நடுவில் வரும். அம்மாவுக்கு இரண்டாம் நாள் 78 உம் 12 உம் இருந்தது, ஆறரை. பக்கவாதத்துக்குப் பின் இந்த விகிதம் கூடியவர்களுக்கு விளைவு மோசமாவதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மூளை அடிபட்டதும் உடம்பு ஒருவகை வெள்ளைக் கலத்தை அவசரமாக வெளியே தள்ளுகிறது, மற்ற வகையை அடக்கிவிடுகிறது. அடங்கியது கிருமியோடு சண்டை போடுகிற படையின் ஒரு பகுதி. அதனாலும்தான் பக்கவாத நோயாளிக்கு முதல் கிழமையில் சளிக்காய்ச்சல் இலகுவாகப் பிடித்துவிடுகிறது.

எந்த எண்ணுக்கு மேல் போனால் ஆபத்து என்று எல்லோரும் ஒத்துக்கொண்ட கோடு இதற்கு இல்லை. அன்றிரவு அந்த ஆறரையைப் பார்த்துக்கொண்டு நான் தூங்கவில்லை. இன்று அம்மா பொல்லை ஊன்றிக்கொண்டு வளவுக்குள் நடக்கிறா. ஒருவரின் கதையை வைத்து எண் பொய் என்று சொல்லவரவில்லை. நூறு பேரின் சராசரியைச் சொல்கிற எண்ணால் கட்டிலில் கிடக்கிற ஒருவரைத் தனியாகச் சொல்லமுடியாது.

சீ.ஆர்.பீ. கூடியிருக்கிறதாம். பக்கவாதம் கூடிவிட்டதா?

பெரும்பாலும் வேறு காரணம் இருக்கும், இதில்தான் குடும்பத்தின் கையில் ஒரு வேலை இருக்கிறது. பெரிய பக்கவாதம் தானாகவும் சீ.ஆர்.பீ.யை ஏற்றும். ஆனால் மூன்றாம் நாலாம் நாளில் திடீரென்று எகிறினால் வைத்தியர்கள் நெஞ்சிலும் சிறுநீரிலும் கிருமி இருக்கிறதா என்று தேடுவார்கள். நெஞ்சில் கிருமி வருவதற்கு முக்கியமான வழி எது தெரியுமா? சாப்பாடு.

பக்கவாதத்தில் விழுங்குகிற தசையும் தளர்ந்துபோகும். வாயில் ஊற்றிய கஞ்சியில் பாதி மூச்சுக்குழாய்க்குள் போகும், இருமக்கூடத் தெரியாது. பார்வையாளர் நேரத்தில் போத்தலில் கஞ்சியோடு ஓடிவருகிற மகள்மாரை நான் நன்றாக அறிவேன். நம் பக்கத்தில் தாய் இருப்பது பெரும்பாலும் மகள் வீட்டில், பாரமும் பாசமும் அவளுக்குத்தான் கூட. “பசியோட கிடக்கிறா, ஒள்ளம் குடுத்தா என்ன கா?” என்று கேட்பார்கள். விழுங்கிப் பார்க்கிற சோதனை முடிந்து வைத்தியரோ தாதியோ சரி என்று சொல்லும்வரை ஒரு கரண்டி தண்ணீரும் வேண்டாம். சரி என்ற பிறகும் படுக்கவைத்துப் பருக்காதீர்கள். நிமிர்த்தி இருத்தி, நாடியைக் கொஞ்சம் தாழ்த்தி, சிறிது சிறிதாகக் கொடுங்கள். சாப்பிட்ட பிறகு குரல் நீருக்குள்ளிருந்து வருவது போலக் களகளத்தால் உடனே நிறுத்திவிட்டுச் சொல்லுங்கள்.

அம்மாவின் சீ.ஆர்.பீ. 48 க்கு ஏறியது இப்படித்தான். கொடுத்தது நாங்கள்தான், இளநீர்.

சீனி வருத்தமே இல்லாதவருக்கு 210 காட்டுகிறது. ஏன்?

அடிபட்ட உடம்பு தன் கையிருப்புச் சீனியை எடுத்து இரத்தத்தில் விடுகிறது. சிலருக்கு அதுவரை தெரியாமல் இருந்த சீனி வருத்தமும் அன்றைக்குத்தான் வெளியே வரும். எது என்பதை எச்.பி.ஏ.1.சீ. பிரித்துச் சொல்லும், கடந்த இரண்டு மூன்று மாதக் கணக்கு அதில் இருக்கும். சீனி கூடினால் மூளைக்குக் கேடும் கூடுகிறது என்பது உண்மை. அதற்காக இன்சுலினை அள்ளிப்போட்டு 130 க்குக் கீழே கொண்டுவந்தால் குணம் கூடுமா என்று அமெரிக்காவில் சோதித்தார்கள். 2019 இல் முடிவு வந்தது: கூடவில்லை, சீனி ஆபத்தான அளவுக்கு விழுந்தவர்கள்தான் கூடினார்கள். வைத்தியசாலையில் பொதுவாக 140 க்கும் 180 க்கும் நடுவில் வைத்துக்கொள்வார்கள். “ஏன் இன்னும் இறக்கயில்ல” என்று தாதியோடு சண்டைக்குப் போகவேண்டாம்.

சீனி அளவுக்கு மீறி இறங்கினாலும் பக்கவாதம் போலவே கை விழும், பேச்சுக் குழறும். அதனால்தான் கட்டி கரைக்கும் ஊசிக்கு முன் கட்டாயம் பார்க்கவேண்டிய ஒரே இரத்தப் பரிசோதனை விரல் நுனியில் குத்திப் பார்க்கிற சீனி. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் போன்ற மருந்து எடுப்பவராக இருந்தால், உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். 1.7 ஐத் தாண்டக்கூடாது, குருதிச் சிறுதட்டு ஒரு இலட்சத்துக்குக் குறையக்கூடாது. ஆனால் சந்தேகப்பட ஒரு காரணமும் இல்லாதவருக்கு அந்த ரிப்போர்ட்டுகளுக்காக ஊசியைத் தாமதிப்பதில்லை.

இதயத்துக்கான பரிசோதனை ஏன் எடுக்கிறார்கள்? வருத்தம் மூளையில்தானே?

கட்டி இதயத்திலிருந்தும் புறப்பட்டு வரலாம். இதயத்தின் மேலறை ஒழுங்கில்லாமல் துடித்தால் அங்கே இரத்தம் தேங்கி உறைந்து, ஒரு துணிக்கை மூளைக்கு ஏறிவிடும். என்.ரீ. புரோ பீ.என்.பீ. கூடியிருந்தால் அந்தச் சந்தேகம் வலுக்கும். ஆனால் உறுதி செய்வது ஈ.சீ.ஜீ.யும், நாள்கணக்கில் துடிப்பைப் பதிகிற கருவியும்தான். எண் கூடியிருக்கிறது, ஒழுங்கற்ற துடிப்பைக் காணவில்லை என்றால் முன்கூட்டியே இரத்தம் இளக்கும் வலுவான மருந்தைக் கொடுக்கலாமா? 2024 இல் வெளியான ஆர்க்கேடியா ஆய்வு, இந்த எண்ணோ ஈ.சீ.ஜீ.யோ இதய ஸ்கானோ மேலறைப் பழுதைக் காட்டியவர்களிடம் இதைச் சோதித்தது. அபிக்ஸபான் கொடுத்தவர்களுக்கும் அஸ்பிரின் கொடுத்தவர்களுக்கும் மறுபடி பக்கவாதம் வந்த வீதம் ஒன்றேதான், ஆண்டுக்கு நூற்றுக்கு 4.4. காரணம் சொல்வதுபோலத் தோன்றுகிற எண்கூட மருந்தைத் தீர்மானிக்கப் போதாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

கொலஸ்ட்ரோல்?

குணமாவதைச் சொல்லாது, அடுத்தது வராமல் தடுக்க உதவும். கழுத்து அல்லது மூளைக் குழாயில் கொழுப்புப் படிந்து வந்த பக்கவாதமென்றால் கெட்ட கொழுப்பான எல்.டீ.எல். 70 க்குக் கீழே இருக்கவேண்டும். ரிப்போர்ட் நல்லாயிருக்கிறது என்று குளிசையை நிறுத்தாதீர்கள். குளிசையால்தான் நல்லாயிருக்கிறது.

தனியார் லாப்பில் முழுப் பரிசோதனையும் சேர்த்துச் செய்யச் சொல்கிறார்கள். செய்யவா?

அம்மா வீட்டுக்கு வந்த கிழமை, எனக்கே ஒரு நிலையத்தில் நீளமான பட்டியலொன்றை நீட்டினார்கள். பாதி கொழும்புக்கு அனுப்பவேண்டியவை. தொழில் தெரிந்த நானே அந்த நேரத்துப் பதற்றத்தில் காசைக் கட்டினேன். பத்து நாள் கழித்து வந்த கடதாசிகளை கிளினிக்கில் டொக்டர் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். ஒரு குளிசைகூட மாறவில்லை. அந்தக் காசுக்கு வீட்டுக்கு வருகிற இயன்மருத்துவர் ஒருவரை இரண்டு கிழமை பிடித்திருக்கலாம் என்று இன்றும் மனம் எரிகிறது.

பரிசோதனை எழுதித் தருகிறவரிடம் தாழ்மையாக ஒரு கேள்வி கேளுங்கள்: “இது கூடினால் என்ன செய்வீங்க, குறைஞ்சால் என்ன செய்வீங்க?” இரண்டுக்கும் பதில் ஒன்றுதான் என்றால் காசை மடியில் வையுங்கள்.

எவ்வளவு நாளைக்குள் முன்னேற்றம் தெரியும்? நாங்கள் என்ன செய்யலாம்?

கை கால் அசைவில் பெரும்பங்கு முதல் மூன்று மாதத்தில் திரும்பும். அதற்குப் பிறகு நின்றுவிடாது, மெதுவாகும். பேச்சு இன்னும் நீண்ட காலம் எடுத்தும் திரும்புவதுண்டு.

அதற்காக முதல் நாளே தூக்கி நிறுத்தக்கூடாது. அவேட் என்ற பெரிய ஆய்வு 2015 இல் காட்டியதன்படி, 24 மணித்தியாலத்துக்குள் அடிக்கடி எழுப்பி நடத்தியவர்களில் 46 வீதத்தினரே நன்றாகத் தேறினார்கள், வழமைபோலப் பராமரித்தவர்களில் 50 வீதத்தினர். இந்தியாவில் 14 ஆஸ்பத்திரிகளில், வீட்டாருக்கே பயிற்சி கொடுத்துவிட்டால் போதுமா என்று பார்த்தார்கள். 2017 இல் வந்த முடிவில், அப்படிப் பயிற்சி பெற்ற பக்கத்திலும் வழமையான பராமரிப்புப் பக்கத்திலும் 47 வீதத்தினர் ஆறு மாதத்தில் இறந்தோ பிறர் கையை நம்பியோ இருந்தார்கள். வீட்டாரின் பாசம் இயன்மருத்துவருக்குப் பதிலாகாது என்றுதான் நான் இதை விளங்கிக்கொள்கிறேன். கிளினிக் நாளையும் பயிற்சி நாளையும் தவறவிடாதீர்கள். வயல் வெட்டு, கோயில் சடங்கு, நோன்பு எது வந்தாலும்.

பரிசாரியாரிடம் எண்ணெய் பூசுவதை நான் தடுப்பதில்லை, மனதுக்கும் தோலுக்கும் இதம். ஆனால் விழுந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கவேண்டாம், தோள் மூட்டு கழன்று மாதக்கணக்கில் நோகும். எண்ணெய் தொடங்கியதும் பிரஷர் குளிசையை விடுவதும் கூடாது. அப்படி விட்டு இரண்டாவது தடவை விழுந்தவர்களின் இரத்தமும் என் யன்னலுக்கு வந்திருக்கிறது.

அழுதுகொண்டே இருக்கிறார், பயிற்சிக்கு மறுக்கிறார்.

பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. பிடிவாதம் என்று ஏசாதீர்கள். கிளினிக்கில் சொன்னால் அதற்கு மருந்தும் உண்டு, பேச ஆளும் உண்டு. கை கால் குணமாகவென்று எல்லோருக்கும் மனச்சோர்வு மருந்தான ஃபுளுவோக்செற்றின் கொடுப்பது மட்டும் பலன் தரவில்லை. 3,127 பேரை வைத்துப் பிரித்தானியாவில் சோதித்தார்கள். மனச்சோர்வு குறைந்தது, எலும்பு முறிவு கூடியது, நடை மாறவில்லை.

ரிப்போர்ட்டுகளை எல்லாம் வைத்திருக்கவேண்டுமா?

வைத்திருங்கள், திகதி வாரியாக, ஒரே ஃபைலில், ஸ்கான் படத்தோடு. கூடவே நாற்பது பக்கக் கொப்பி ஒன்று வாங்குங்கள். ஒவ்வொரு கிழமையும் என்ன முடிந்தது என்று எழுதுங்கள்: எத்தனை நிமிஷம் சாயாமல் நிமிர்ந்து இருந்தார், எத்தனை அடி வைத்தார், எந்தச் சொல்லைத் தெளிவாகச் சொன்னார். கிளினிக்கில் “எப்படி இருக்கு” என்று கேட்டால் “பரவாயில்லை” என்று தலையாட்டிவிட்டு வருகிறோம். அந்தக் கொப்பியை நீட்டினால் டொக்டருக்கு வேலை எளிது, இயன்மருத்துவருக்கு இன்னும் எளிது.

அம்மாவின் கொப்பியை என் தங்கச்சி எழுதினா. முதல் பக்கத்தில், சீ.ஆர்.பீ. 48 என்று நான் குறித்துவைத்த வரிக்குக் கீழே, “பெருவிரல் ஒள்ளம் அசைஞ்சது” என்று இருக்கிறது. ஏழாம் மாதத்துப் பக்கத்தில், “இண்டைக்கு வலக்கையால சோறு பிசைஞ்சா. பாதி கீழ கொட்டினது.”